வாசலைப் பூசுவதும் வீட்டை விற்பதும்

ரொறன்ரோவில் வசிக்கும் என் பெரியப்பாவின் மகள் சென்ற தை மாதம் தொலைபேசியில் அழைத்தார். உடுவிலில் உள்ள தமது சீதன வீட்டை விற்பதென்று முடிவு செய்துவிட்டாராம். "தம்பி, வீடு உள்ளுக்கை நல்லாத்தான் இருக்கு. உந்த வாசல்தான் பாக்கேலாமல் கிடக்கு. எல்லாத்தையும் இடிச்சுப்போட்டு மாபிள் பதிச்சு, எவர்சில்வர் கேற் போடட்டாம் எண்டு தரகர் சொல்லுறார். நீ ஒருக்கால் போய்ப் பாத்துச் சொல்லு" என்றார்.

மருதனார்மடச் சந்தியில் இறங்கி ஒழுங்கைகளினூடாக நடந்துபோனேன். தரகர் சொன்னதில் பாதி உண்மை. கேற்றைத் தாங்கும் இரண்டு சீமெந்துத் தூண்களும் அவற்றை ஒட்டிய குந்துகளும் மூன்று படிகளும் பாசி பிடித்துக் கறுத்திருந்தன. நடுப்படியின் மூலை உடைந்திருந்தது. இடப்பக்கத் தூணில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. அதன் வழியே துருக்கறை வழிந்திருந்தது. வலப்பக்கத் தூணில் ஐந்தாறு குழிகள். அவை 1987 ஒக்ரோபர்ச் சண்டையின்போது விழுந்த ஷெல்லின் சன்னங்கள் தைத்த இடங்கள். மேற்படியில், ஈரச் சீமெந்தில் ஆணியால் கீறிய 1963 என்ற ஆண்டு மட்டும் தெளிவாக இருந்தது.

தரகர் கேட்ட தொகையை இங்கே எழுத மனமில்லை. நான் பின்னர் செய்வித்த வேலைக்கு அதில் பத்தில் ஒரு பங்கும் செலவாகவில்லை என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

விற்பதற்கு முன் வாசலை அழகுபடுத்துவது தவறென்று நான் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தவருக்கு வாசல் என்றுமே சிறிய விடயமாக இருந்ததில்லை. கூரை வேய்ந்த சங்கடப்படலையும், அதன் கீழே வழிப்போக்கர் இளைப்பாறத் திண்ணையும், தாகத்துக்குத் தண்ணீர்ப் பானையும் வைத்த ஊர் இது. பெரியப்பா கட்டுவித்த அந்தச் சீமெந்துக் குந்துகள் சங்கடப்படலைத் திண்ணையின் பேரப்பிள்ளைகள்தாம். மாலையில் ஒழுங்கையால் போகிறவர்கள் இன்றும் அவற்றில் அமர்ந்து கதைக்கிறார்கள். தரகரின் திட்டத்தில் முதலில் இடிபடுவன அவையே.

ஆனால், வாசலுக்குப் பெருந்தொகை செலவழித்தால் வீட்டின் விலை ஏறும் என்ற எண்ணம் வெளிநாடுகளிலிருந்து வந்தது. ரொறன்ரோவில் வீடு வாங்குபவர் ஒரே வார இறுதியில் பல வீடுகளைப் பார்க்கிறார். அவருக்கு அயலும் தெரியாது, கட்டியவரும் தெரியாது. வாசலில் வைத்த பூச்சாடிதான் அவரை உள்ளே அழைக்கிறது. உடுவிலில் வீடு வாங்க வருபவரோ பெரும்பாலும் இணுவிலிலோ சுன்னாகத்திலோ இருப்பவர். அல்லது அங்கே பிறந்து வெளிநாடு போனவர். யார் கட்டிய வீடு, 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வின் பின் யார் யார் அதில் இருந்தார்கள், மழைக்கு எந்த அறை ஒழுகும் என்பதெல்லாம் அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். நம் தினசரிகளின் விற்பனை விளம்பரங்களைப் பாருங்கள். பல ஆண்டுகள் அந்தப் பக்கங்களின் அருகில் இருந்து வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இத்தனை பரப்புக் காணி, நன்னீர்க் கிணறு, வாகனம் போகக்கூடிய பாதை, வில்லங்கமற்ற உறுதி என்று இருக்குமேயொழிய, மாபிள் பதித்த படி என்று ஒன்றை நான் கண்டதாக நினைவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். இப்போது வாங்குபவர் லண்டனில் இருந்துகொண்டு வாட்ஸ்அப் காணொளியில்தான் முதலில் வீட்டைப் பார்க்கிறார். கறுத்த வாசலைக் கண்டதும், கூரையும் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிடுவார். ஆகவே வாசல் துப்புரவாகவும் உறுதியாகவும் இருக்கவேண்டும். அதற்கு இடிக்கத் தேவையில்லை.

என்னோடு வந்த மேசன் சுத்தியலின் பின்புறத்தால் படிகளைத் தட்டிப் பார்த்தார். கணீரென்ற சத்தம். "ஐயா, இது காங்கேசன்துறைச் சீமெந்து. இதை இடிக்க ரெண்டு நாள் கூலி குடுக்கவேணும். ஏன் இடிப்பான்?" என்றார். 1950இல் உற்பத்தியைத் தொடங்கி 1990இல் போரினால் மூடப்பட்ட அந்தத் தொழிற்சாலையின் சீமெந்தில் எழுந்த வீடுகள் வலிகாமம் எங்கும் உண்டு. அதன் பிறகு, தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் சீமெந்தும் அடங்கியிருந்தபோது, ஒரு மூட்டைக்காக மனிதர் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு நல்ல சீமெந்தை இடிக்க இலேசில் கை வராது. 2022 நெருக்கடியில் அதன் விலை ஒரே ஆண்டுக்குள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியதையும் மறப்பதற்கில்லை.

முதல் வேலை கழுவுவது. கறுப்பு நிறத்தில் பெரும்பகுதி பாசிதான். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, சிறிது நேரம் ஊறவிட்டுக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் போய்விடும். சிலர் கழிவறை கழுவும் அசிட்டை ஊற்றுகிறார்கள். அது பாசியோடு சீமெந்தையும் தின்றுவிடும். மேற்பரப்புச் சொரசொரப்பாகி, அடுத்த மாரியில் பாசி இரட்டிப்பாகப் பிடிக்கும்.

துருக்கறை வழிந்த தூண்தான் உண்மையான நோயாளி. உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருக்கும்போது மேலுள்ள கொங்கிறீற்றைத் தள்ளி வெடிக்கவைக்கிறது. வெடிப்பின்மேல் சாந்தைத் தடவி வர்ணம் அடித்தால் ஒரு வருடம்கூடத் தாங்காது. தளர்ந்த பகுதியைக் கொத்தி அகற்றி, கம்பியின் பின்புறமும் தெரியும்வரை திறந்து, துருவைச் சுரண்டித் துருத்தடுப்பு மை பூசிய பிறகே அடைக்கவேண்டும். தரகரின் மாபிள் இந்தத் தூணுக்கு என்ன செய்திருக்கும்? நோயை மூடி மறைத்திருக்கும். வாங்கியவர் இரண்டாவது மாரியில் கண்டுபிடிப்பார். மழை நாளில் வழுவழுப்பான படியில் அவருடைய தாயார் வழுக்கி விழுவதும் நடக்கக்கூடும்.

உடைந்த படிமூலைக்கு ஒரு பங்கு சீமெந்து, மூன்று பங்கு மணல். பழைய கொங்கிறீற்றை முதல்நாளே நனைத்துவிடவேண்டும். காய்ந்திருந்தால் அது புதுச்சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஒட்டு பிடிக்காமல் சில மாதங்களில் தட்டாகக் கழன்றுவிடும். மணலிலும் கவனம் தேவை. கரையோர மணலில் உப்பு இருந்தால் சுவரில் வெள்ளை பூக்கும், கம்பியும் துருப்பிடிக்கும். கழுவாத மணலை வாங்கக்கூடாது. பூசிய பின் ஈரச்சாக்குப் போர்த்தி ஏழு நாள் தண்ணீர் தெளிக்கவேண்டும். நம்மவர் பொறுமை இழப்பது இங்கேதான். இரண்டாம் நாளே வர்ணத் தூரிகையோடு நிற்பார்கள்.

வர்ணத்தை ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடக்கூடாது. தை பிறந்து சுவர் நன்கு உலர்ந்த பின் அடிப்பதே நல்லது. இன்னொன்று: உடுவில் செம்மண் பூமி. மழைத்துளி தெறித்து வெள்ளைச் சுவரின் அடிப்பகுதியைச் சிவப்பாக்கிவிடும். அதனால்தான் நம் முன்னோர் அடியில் ஒன்றரை அடி உயரத்துக்குக் காவியோ சாம்பலோ பூசி, அதற்கு மேலே வெள்ளை அடித்தார்கள். நாங்களும் அப்படியே செய்தோம். இரண்டு மூட்டைச் சீமெந்தில் மிச்சமும் இருந்தது. பழைய இரும்புக் கேற்றைச் சுரண்டிக் கறுப்பு மை அடித்தோம். கீல்களுக்கு எண்ணெய் விட்டதும் சத்தமில்லாமல் திறந்தது.

மிஞ்சிய பணத்தை இரண்டு காரியங்களுக்குச் செலவிடும்படி அக்காவிடம் சொன்னேன். ஒன்று, கிணற்று நீரைப் பரிசோதிப்பிப்பது. 2014, 2015 ஆண்டுகளில் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரத்தின் பிறகு, இந்தப் பக்கம் வருபவர் எவரும் தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் போவதில்லை. மற்றொன்று, உறுதி. தேசவழமையின் கீழ் மணமான பெண் தமது அசைவற்ற சொத்தை விற்பதற்குக் கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். கூட்டுரித்தாளர் இருந்தால் 1947ஆம் ஆண்டின் முன்வாங்கல் உரிமைச் சட்டப்படி முதலில் அவர்களுக்கு அறிவிக்கவேண்டும். அத்தான் கையொப்பமிட்ட கடிதம் வந்து சேர ஒன்றரை மாதமாயிற்று. வாசல் வேலை ஒன்பது நாளில் முடிந்திருந்தது.

சன்னக் குழிகள்தான் எங்களைச் சிறிது தயங்கவைத்தன. ஒரு குழியில் கம்பி வெளியே தெரிந்ததால் அதை அடைக்கவேண்டியதாயிற்று. ஒன்றை அடைத்த பின் மற்றவற்றை விடுவதில் பொருளில்லை. அனைத்தையும் அடைத்தோம். அடைப்பதற்கு முன் கைத்தொலைபேசியில் படம் எடுத்துவைத்தேன். பார்க்க வருகிறவர்களுக்கு அந்தப் படத்தையும் காட்டுகிறேன். தரகருக்கு அதில் சம்மதமில்லை. இதுவரை இரண்டு குடும்பங்கள் வந்து போயின. வீடு இன்னும் விலைப்படவில்லை. படத்தைப் பார்த்து எவரும் பின்வாங்கவுமில்லை. ஒருவர் தமது வீட்டுத் தூணிலும் இதேபோல் இருப்பதாகச் சொன்னார்.

கடைசி நாள் மேற்படிக்குப் பூச்சு வைக்கும்போது மேசன் கரண்டியை நிறுத்தி, "ஐயா, இந்த வருசத்துக்கு மேலாலையும் பூசிறதோ?" என்று கேட்டார். அக்காவை அழைத்தேன். அங்கே விடியப்புறம். சிறிது நேரம் சத்தமில்லை.

"அதை விடு தம்பி. வாங்கிற ஆக்கள் வேணுமெண்டால் பூசட்டும்" என்றார்.