யானை வருதுன்னு முன்னாடியே தெரிஞ்சா போதுமா? ஏர்போர்ட் பாதுகாப்பு தொழில்நுட்பமும் ராஜபாளையம் மலையடிவாரமும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் தென்னையும் மாவும் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு ராத்திரி நிம்மதியான தூக்கம் கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் யானைகள், பல வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரங்களை ஒரே இரவில் சாய்த்துவிட்டுப் போய்விடும். காட்டுப்பன்றித் தொல்லை தனி. "வேலி போடுங்க, கேமரா வையுங்க" என்பது இங்கே பழைய கோரிக்கை.

இன்னொரு பக்கம், விமான நிலையச் சுற்றுச்சுவரைக் காக்கப் பயன்படும் ஊடுருவல் கண்டறியும் தொழில்நுட்பம், இப்போது யானைகளைக் கண்டுபிடிக்கவும் வந்துவிட்டது. அது எப்படி வேலை செய்கிறது? நம்ம அடிவாரத்துக்கு வந்தால் பலன் தருமா? பணம் போட்டு வாங்கும் முன் என்னென்ன கேட்க வேண்டும்?

ஏர்போர்ட் சுவரில் என்ன இருக்கிறது?

விமான நிலையச் சுவர் பல கிலோமீட்டர் நீளம். அடிக்கு ஒரு காவலரை நிறுத்த முடியாது. அதனால் வேலியில் அதிர்வை உணரும் கேபிள், வெப்பத்தைக் காட்டும் தெர்மல் கேமரா, ரேடார் ஆகியவற்றை இணைத்து வைக்கிறார்கள். யாராவது வேலியை வெட்டினாலோ ஏறினாலோ, எந்த இடம் என்பது கட்டுப்பாட்டு அறைத் திரையில் தெரியும். அங்கிருந்து காவலர்கள் ஓடுவார்கள். இந்தியாவில் இதற்கான விதிகளை வகுப்பது சிவில் விமானப் பாதுகாப்புப் பிரிவு. பெரிய விமான நிலையங்களில் காவல் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையிடம் இருக்கிறது.

இதில் ஃபைபர் கேபிள் முறை சுவாரஸ்யமானது. நம் வீட்டு இன்டர்நெட்டுக்கு வருவது போன்ற கண்ணாடி இழைதான். அதற்குள் ஒளித் துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். கேபிள் பக்கத்தில் அதிர்வு வந்தால், திரும்பி வரும் ஒளியில் சின்ன மாற்றம் தெரியும். அதை வைத்து எந்த இடத்தில் அதிர்வு என்று கணக்கிடலாம். பல கிலோமீட்டர் கேபிளே காது மாதிரி வேலை செய்கிறது.

காசு கொட்டினால் பாதுகாப்பு வந்துவிடுமா?

வராது. 2012 ஆகஸ்டில் நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையத்தில் நடந்தது எல்லோருக்கும் பாடம். பக்கத்து நீர்ப்பரப்பில் வாட்டர் ஸ்கூட்டர் நின்றுபோன ஒருவர், நீந்திக் கரையேறி, வேலி தாண்டி, இரண்டு ஓடுபாதைகளைக் கடந்து முனையம் வரைக்கும் நடந்தே வந்துவிட்டார். அங்கே இருந்த ஊடுருவல் கண்டறியும் அமைப்பின் செலவு சுமார் 10 கோடி டாலர். கடைசியில் அவரைக் கவனித்தது கருவி அல்ல, விமான நிறுவன ஊழியர் ஒருவர்.

நம்ம நாட்டிலும் நடந்திருக்கிறது. 2019 ஆகஸ்டில் மும்பையில் ஒருவர் சுவர் ஏறிக் குதித்து, புறப்படத் தயாராக இருந்த விமானத்தின் பக்கத்திலேயே போய் நின்றார். அந்த வீடியோ சமூக வலைதளங்களில் பரவியது.

ஆக, கருவி கண்டுபிடிக்கிறதா என்பது ஒரு கேள்வி. கண்டுபிடித்ததும் யார், எவ்வளவு நேரத்தில் வருவார்கள் என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

யானைக்கு இது எப்படி வந்தது?

முதலில் ரயில் பாதைக்குத்தான் வந்தது. வடகிழக்கு எல்லை ரயில்வே, தண்டவாளம் ஓரமாக ஏற்கெனவே போட்டிருந்த ஃபைபர் கேபிளை வைத்தே யானையின் காலடி அதிர்வைக் கண்டறியும் சோதனையை 2022-ல் செய்தது. 'கஜராஜ்' என்ற பெயரில் இதை 700 கி.மீ. தூரத்துக்கு, 181 கோடி ரூபாயில் விரிவாக்குவதாக ரயில்வே அமைச்சர் 2023 நவம்பரில் அறிவித்தார்.

தமிழ்நாட்டில் வேறு வழி. கோவை மதுக்கரை அருகே நவக்கரையில் 2021 நவம்பரில் ரயில் மோதி 3 யானைகள் இறந்தன. அதன் பிறகு வனத்துறை அந்தப் பகுதியில் செயற்கை நுண்ணறிவு கண்காணிப்பை அமைத்தது. 12 கோபுரங்கள், 24 கேமராக்கள், சுமார் 7 கி.மீ. ரயில் பாதை, செலவு 7.24 கோடி ரூபாய். 2024 பிப்ரவரியில் செயல்பாட்டுக்கு வந்தது.

தோராயமாகப் பார்த்தால் கிலோமீட்டருக்கு ஒரு கோடி. ராஜபாளையத்திலிருந்து வத்திராயிருப்பு வரை நீளும் அடிவாரத்துக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், சிக்கல் புரியும்.

மதுக்கரையில் சரி, ராஜபாளையத்தில்?

வித்தியாசம் செலவில் மட்டும் இல்லை. ரயில் பாதையில் எச்சரிக்கை போவது என்ஜின் டிரைவருக்கு. அவர் வேகத்தைக் குறைத்தால் ஆபத்து விலகிவிடும். ஏர்போர்ட்டில் மணி அடித்தால் ஓடிவர ஆயுதம் ஏந்திய காவலர்கள் தயாராக இருக்கிறார்கள். தோப்பில் மணி அடித்தால்?

வனத்துறை ஊழியர்கள் வேறு ஒரு கிராமத்தில் யானையை விரட்டிக்கொண்டு இருக்கலாம். அப்போது போனில் 'உங்கள் தோப்பில் யானை' என்று மெசேஜ் வந்தால், விவசாயி டார்ச்சும் பட்டாசும் எடுத்துக்கொண்டு தானே இருட்டுக்குள் போவார். உயிரைக் காக்க வந்த எச்சரிக்கையே ஆளை யானை முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

வால்பாறையில் குறைந்த செலவில் ஒரு முறை நன்றாகவே வேலை செய்கிறது. யானை பக்கத்தில் இருந்தால் செல்போனுக்கு மெசேஜ், உள்ளூர் கேபிள் டிவியில் அறிவிப்பு, கம்பத்தின் மேல் எரியும் சிவப்பு விளக்கு. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை வனத்துறையுடன் சேர்ந்து உருவாக்கிய இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு அங்கே மனித உயிரிழப்பு குறைந்தது.

ஆனால் வால்பாறை தேயிலை பூமி. யானை தேயிலை தின்னாது. ஆட்கள் ஒதுங்கிப் போனாலே பாதிப் பிரச்சினை முடிந்தது. ராஜபாளையத்தில் தென்னையும் மாவும்தான் யானைக்குச் சாப்பாடு. ஆள் ஒதுங்கினால் உயிர் தப்பும், தோப்பு தப்பாது. எனவே இங்கே எச்சரிக்கையோடு வேலி, விரட்டும் குழு, தாமதமில்லாத இழப்பீடு மூன்றும் சேர்ந்து வர வேண்டும்.

வேலி என்றால் எந்த வேலி?

சோலார் வேலியில் பேட்டரியிலிருந்து சுமார் ஒரு வினாடிக்கு ஒரு முறை மிகச் சிறிய துடிப்பாகத்தான் மின்சாரம் பாயும். 'சுரீர்' என்று அடிக்கும், கொல்லாது. வீட்டு கரண்டை நேராகக் கம்பியில் கொடுப்பது முற்றிலும் வேறு. அது யானையையும் கொல்லும், தண்ணீர் பாய்ச்சப் போகும் ஆளையும் கொல்லும். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட சட்டவிரோத மின்வேலியில் 3 யானைகள் இறந்தன. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. காட்டை ஒட்டிய நிலத்தில் சோலார் வேலி போடவும் வனத்துறை அனுமதி வாங்க வேண்டும்.

சோலார் வேலியும் நிரந்தரத் தீர்வு அல்ல. தந்தத்தில் ஷாக் உறைக்காது என்று தெரிந்துகொண்ட யானைகள் தந்தத்தாலேயே கம்பியை அறுக்கும். சில யானைகள் மரத்தைத் தள்ளி வேலியைப் படுக்க வைக்கும். கம்பியில் கொடி படர்ந்தாலே மின்சாரம் கசிந்து வேலி வலுவிழந்துவிடும்.

இலங்கையின் அனுபவம் இங்கே உதவும். அங்கே பல இடங்களில் வனவிலங்குத் துறை எல்லையில் வேலி போட்டார்கள். வேலிக்கு இரண்டு பக்கமும் யானை இருந்ததால் பலன் குறைவு. ஊரையும் வயலையும் சுற்றிப் போட்டு, ஊர் மக்களே பராமரித்த வேலிகள்தான் நன்றாக நின்றன.

டெண்டருக்கு முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. பொய் மணி எத்தனை? மாடு, டிராக்டர், ஆடிக் காற்று எல்லாவற்றுக்கும் மணி அடித்தால் நாலாவது நாள் யாரும் எழுந்து பார்க்க மாட்டார்கள். சும்மா சும்மா குரைக்கும் நாயை யார் நம்புவார்கள்? ராஜபாளையத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

2. சோதனை எங்கே நடந்தது? கண்காட்சி அரங்கில் காட்டிய டெமோ போதாது. செண்பகத்தோப்பு மாதிரி ஒரு இடத்தில், ஐப்பசி, கார்த்திகை மழையிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

3. பராமரிப்பு யார்? பேட்டரி, கேமரா, கேபிள் பழுதானால் எத்தனை நாளில் சரி செய்வார்கள் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். கருவியின் விலை குறைவு என்பதை மட்டும் பார்த்து வாங்கினால், மூன்றாவது வருஷம் கோபுரம் மட்டும்தான் நிற்கும்.

4. மணி அடித்தால் யார் வருவார்கள்? குழு, வண்டி, டீசல் செலவு, சம்பளம் எல்லாம் அதே திட்டத்தில் இருக்கிறதா?

5. எங்கே வைப்பது? யானை இறங்கும் தடம் தோப்புக்காரருக்கும் தெரியும், மலைவாழ் மக்களுக்கும் தெரியும். அவர்களைக் கேட்காமல் வரைபடத்தைப் பார்த்து மட்டும் இடம் குறித்தால் பணம் வீண்.

என்ன பணயம்?

ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் 5-வது புலிகள் காப்பகம் இது, பரப்பு 1,000 சதுர கி.மீ.க்கு மேல். காடு பாதுகாக்கப்படுவது நல்ல செய்தி. ஆனால் அதன் ஓரத்தில் இருப்பவர்கள் ராத்திரி ராத்திரி நஷ்டப்பட்டால், கோபம் யானை மேலும் வனத்துறை மேலும்தான் திரும்பும். யாரோ ஒருவர் கரண்ட் கம்பியை இழுத்துக் கட்டுவதும் அந்தக் கோபத்தில்தான். அடிவாரத்துக்கு எந்தக் கருவி வந்தாலும், அது எத்தனை யானையைப் படம் பிடித்தது என்பதை வைத்து மதிப்பிட முடியாது. அந்தக் கரண்ட் கம்பிகள் குறைந்தனவா, மெசேஜ் வந்ததும் தோப்புக்கு ஆள் வந்தார்களா என்பதுதான் கணக்கு.