அவங்க வீட்டு போட்டோ

போன மாதம் எங்கள் ஊர் ஆலயத்தில் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். 'இலங்கை மலையக ஊழியப் பயணம், பத்து நாட்கள்.' அட்டையில் லயத்து வாசலில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு வாசலில், நிற்கும் ஒரு குழந்தை; மூக்கு ஒழுகுகிறது, கையில் பாதி ரொட்டி. உள்ளே செலவுக் கணக்கு: விமானம், வேன், தங்குமிடம், ஒரே நிறத்தில் டி-ஷர்ட். அதைக் கையில் வைத்துக்கொண்டு பிரசங்கம் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். பிரசங்கம் என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நானும் அங்கே போனவள்தான். திருநெல்வேலிப் பக்கம் முப்பத்திரண்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு, 2016 மே மாதம் சபை என்னை 'மிஷனரி' என்று ஜெபம் பண்ணி ஊவா மாகாணத்துக்கு அனுப்பியது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்லை என்று ஏறிவரும் சாலை பெரகல சந்தியில் இரண்டாகப் பிரியும். ஒன்று மேலே அப்புத்தளைக்கு, மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு. நான் இறங்கிய அன்று எந்தச் சாலையும் தெரியவில்லை. அப்படி மூட்டம். அதற்குள்ளிருந்து சிங்களத்தில் ஒரு குரல் கேட்டது. "நான் தமிழு" என்று கத்தினேன். "அப்ப இங்கிட்டு வாங்க, பிளேன்டீ ஒண்ணு குடிங்க" என்று தமிழிலேயே பதில் வந்தது. சந்தியில் காய்கறிக் கடை வைத்திருந்த சிங்கள அம்மாள். வேற்று நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் உபசரிப்பு அந்த பௌத்த அம்மாளின் தேத்தண்ணிதான். காசு வாங்க மறுத்துவிட்டார்.

பக்கத்துத் தோட்டமொன்றில் சின்ன ஆலயம், அதன் பின்னால் ஓர் அறை, பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட மண்டபம். பிற்பகல் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு அங்கே கணக்கு. சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறவர்கள்தான் அதிகம்.

வந்த முதல் வாரமே ஒரு தப்புச் செய்தேன். ஒரு பிள்ளையின் அம்மா, கொழுந்தெடுக்கிறவர், என்னை லயத்துக்குக் கூப்பிட்டார். ஒரேயொரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "தேத்தண்ணி குடிப்பீங்களா டீச்சர்?" என்றார். "வேண்டாம்மா, இப்பத்தான் குடிச்சேன்" என்றேன். எங்கள் ஊரில் இது மரியாதை. இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி மூன்றாம் தடவை வாங்கிக்கொள்வோம். அங்கே இரண்டாம் தடவை யாரும் கேட்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை. மூன்று மாதம் கழித்துத்தான் வேறொருத்தி சொன்னாள்: இதற்கு முன் படிப்பிக்க வந்தவர்களில் சிலர் லயத்தில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார்களாம். ஏன் என்று ரெண்டு பக்கத்துக்கும் தெரியுமாம். நானும் அந்தச் சாதிதான் என்று முடிவு கட்டியிருந்தார்கள். அன்றைக்கே போய் அதே வாசலில் உட்கார்ந்து, "பசிக்குது, ரொட்டி இருக்கா?" என்றேன். தேங்காய்ப்பூ ரொட்டியும் கட்டச்சம்பலும் வந்தன. உறைப்பில் கண்ணில் தண்ணீர். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில்தான் என் ஊழியம் தொடங்கியது என்பேன். இவரைத்தான் இனி 'என் சிநேகிதி' என்று எழுதப்போகிறேன். பேர் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

ஊரில் இதைச் சொன்னபோது ஒரு பெரியவர், "நம்மாளுக அங்க சாதி பாத்திருக்க மாட்டாங்களே" என்றார். பார்க்காமல் என்ன? இலங்கைத் தோட்டங்களுக்கு நாம் ஊழியம் செய்யப் போவது இன்று நேற்றல்ல. 1854 இல் சர்ச் மிஷனரி சங்கம் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கியபோது உபதேசியார்கள் திருநெல்வேலியிலிருந்துதான் போனார்கள். தோட்டத் துரைமார் பணம் கொடுத்தார்கள். உபதேசியார் தோட்டம் தோட்டமாக நடந்தார். கால் தேய நடந்த அந்த மனிதர்களை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒரு மிஷனுக்குப் பெயரிலேயே 'கூலி' என்று வைத்து, அதைப் பல காலம் மாற்றாமலும் இருந்திருக்கிறார்கள். ஞானஸ்நானம் கொடுக்கிற கை, ஜனங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டது பாருங்கள்.

கணக்குக்கு வருகிறேன். சதவீதம் யாருக்கும் ஏறவில்லை. பாடப் புத்தகத்தில் வங்கி வட்டி. லயத்தில் யார் வங்கியில் போட்டார்கள்? 2017 இல் ஒரு நாள், "அம்மாவோட சம்பளத் துண்டைக் கொண்டுவாங்க" என்றேன். முந்தின அக்டோபரில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தப்படி அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 500 ரூபாய். வருகைக்கு 60, கொழுந்தின் அளவுக்கு 140, விலைப் பங்கு 30. மொத்தம் 730. நூற்றுக்கு 75 நாள் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போகாவிட்டால் 60 போச்சு. தோட்டம் வைத்த கிலோவை எட்டாவிட்டால் 140 போச்சு. சேமலாப நிதிக்கு 8 சதவீதம் பிடிப்பார்கள். 500க்கு அது 40. ஒரே வாரத்தில் எல்லாருக்கும் சதவீதம் வந்துவிட்டது. ஒரு பெண் பிள்ளை அம்மாவின் துண்டில் இரண்டு நாள் பேர் விழாததைக் கண்டுபிடித்தாள். அம்மா நோட்டைத் தூக்கிக்கொண்டு கணக்கப்பிள்ளையிடம் போனார். அடுத்த மாதம் அந்த இரண்டு நாள் பேரும் ஏறின. முப்பத்திரண்டு வருட வேலையில் இப்படியொரு விடை எனக்குத் திருத்தக் கிடைத்ததில்லை.

திருத்த முடியாததும் ஒன்று உண்டு. அந்த வருடம் ஒரு மழை நாளில் ஒரு பையன் கரும்பலகையைப் பார்க்காமல் ஜன்னல் வழியே மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "அங்க என்னல தெரியுது?" என்று அதட்டினேன். வகுப்பு முழுக்க அமைதி. மீரியாபெத்தை அங்கிருந்து தூரமில்லை. 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடிய இடம். பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். வீட்டிலிருந்த பெரியவர்கள் பலர் பிழைக்கவில்லை. அந்தப் பையனுக்கு அங்கே சொந்தக்காரர்கள். அதன்பின் மழை கனத்தால் நானே புத்தகத்தை மூடிவிட்டு மேட்டைப் பார்த்தேன்.

அப்புத்தளைக்குச் சாமான் வாங்கப் போகும்போது புனித அந்திரேயர் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் கொஞ்சம் உட்காருவேன். வால்டர் ஸ்டான்லி சீனியர் என்ற ஆங்கில மிஷனரியின் சாம்பல் அங்கே இருக்கிறது. 1906 இல் கண்டி திரித்துவக் கல்லூரிக்குப் படிப்பிக்க வந்தவர். இந்தத் தீவைப் பற்றிக் கவிதைகள் எழுதினார். 1938 இல் லண்டனில் இறந்தார். அவர் விருப்பப்படியே சாம்பலைக் கொண்டுவந்து இந்த மலையில் புதைத்தார்கள். வந்த இடத்தை இப்படி நேசித்த மனுஷன் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை. ஆனால் அந்தச் சுவருக்கு வெளியே, தேயிலைக்கு அடியில் கிடக்கிற ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கல்லும் இல்லை, பேரும் இல்லை. என் சிநேகிதியிடம் சீனியர் கதையைச் சொன்னேன். "நல்ல மனுஷன்தான்" என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, "லயத்துல யாரு வீட்டுக்காவது வந்திருப்பாரா?" என்றார்.

காலாண்டுக்கு ஒருமுறை ஊழிய அறிக்கை அனுப்ப வேண்டும். கூடுகைகள் எத்தனை, வந்தவர்கள் எத்தனை, ஞானஸ்நானம் எத்தனை என்று கட்டங்கள். பன்னிரண்டு அறிக்கையிலும் கடைசிக் கட்டத்தில் பூச்சியம் போட்டேன். சிநேகிதி மாரியம்மன் கோயிலுக்குத் தவறாமல் விளக்குப் போடுகிறவர். ஒருநாள் நேராகவே கேட்டார்: "எங்கள மாத்த வந்தீங்களா டீச்சர்?" "கணக்குச் சொல்லிக் கொடுக்க வந்தேன்" என்றேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல எனக்கு அன்றைக்குத் தைரியம் இல்லை. பிறகு சொன்னேன். "தெரியும்" என்றார், பயறு பொறுக்குவதை நிறுத்தாமல்.

2018 ஜனவரியில் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு குழு வேனில் வந்தது. நல்ல பிள்ளைகள், பாட்டெல்லாம் பாடினார்கள், பென்சில் பெட்டி கொடுத்தார்கள். லயம் லயமாகப் போய் அடுப்பையும், ஒழுகும் கூரையையும், கொடியில் கிடந்த துணியையும் போட்டோ எடுத்தார்கள். கூட்டிக்கொண்டு போனது நான்தான். வேன் போனபின் சிநேகிதி கேட்டார்: "எங்க வீட்டையெல்லாம் போட்டோ எடுத்தாங்களே டீச்சர். அவங்க வீட்டு போட்டோ ஒண்ணு காட்டலியே?"

எனக்குப் பதில் வரவில்லை. அன்று இரவு என் போனைத் துழாவினேன். மூன்று வருடம் இருக்கப் போகிற நானே, என் வீட்டுப் படம் ஒன்றைக்கூட அவருக்குக் காட்டியிருக்கவில்லை.

அவர் என்னை 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தது 2019 இல். ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் ஆலயங்களிலும், கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 250க்கு மேற்பட்டவர்கள் செத்துப்போன நாள். ஊரடங்கு. ஆலயத்துக்குப் பின்னால் தனியாக இருப்பவள் நான் ஒருத்திதான். பொழுது சாயும்போது சிநேகிதியும் இன்னொரு பெண்ணும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். "வெளிய ஒங்க ஆலயம்னு தெரியும். உள்ள நாங்க இருக்கோம், படுங்கக்கா" என்றார். இருபது நாள் அப்படியே படுத்தார்கள். இதற்கும் அறிக்கையில் கட்டம் இல்லை.

பத்து நாள் பயணத்தை நிறுத்துங்கள் என்று சபைக்கு எழுதினேன். பதில் கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது: இளைஞர்களுக்கு இது தரிசனம் கொடுக்கும் என்றிருந்தார்கள். கொடுக்கட்டும். நான் கேட்பது வேறு. அந்தச் செலவில் பாதியை, தோட்டத்து ஜனங்களை இங்கே வரவழைக்கச் செலவு பண்ணுங்கள். கட்டச்சம்பலுக்குக் கண்ணீர் விட்ட நாம், அவர்களுக்கு ஒரு வேளை சோறு போட வேண்டாமா? போகிறவர்கள் ஒரு வருடத்துக்குக் குறையாமல் போகட்டும், கொஞ்சம் சிங்களமும் படித்துக்கொண்டு. அந்தக் காய்கறிக் கடை அம்மாளிடம் மூன்று வருடமும் நான் தமிழிலேயே பேசிவிட்டு வந்தது எனக்கு இன்றும் வெட்கம்.

வரவழைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியும். சிநேகிதியின் அக்கா, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டவர்களில் ஒருவர். 1964 இல் டெல்லியில் இரண்டு பிரதமர்கள் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தார்களே, அந்தக் கணக்கில் வந்தவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் கோத்தகிரியில் மறுபடி தேயிலைக்கே வந்து சேர்ந்தார். நாற்பது வருடத்துக்கு மேல் தங்கை முகம் பார்க்கவில்லை. 2024 ஜனவரியில் நானும் ஓய்வு பெற்ற இரண்டு டீச்சர்மாரும் பென்ஷனில் பிரித்துப் போட்டு டிக்கெட் எடுத்தோம். கோத்தகிரியில் அக்காவும் தங்கையும் முதல் அரை மணி நேரம் பேசவே இல்லை. பிறகு கொழுந்து கிலோவுக்கு இங்கே என்ன, அங்கே என்ன என்று தொடங்கி இரவு இரண்டு மணிவரை பேசினார்கள்.

திரும்பி என் வீட்டில் ஒரு வாரம். கிளம்புகிற அன்று காலை சிநேகிதி போனை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். வாசல், முருங்கை மரம், மாவாட்டுகிற கிரைண்டர், மழையில் ஒழுகி வாளி வைத்திருக்கும் அறை மூலை. அடுப்பங்கரைக்கு வந்ததும் கதவோரம் கிடந்த வாரியலை நான் அவசரமாக ஒதுக்கப் போனேன்.

"இருக்கட்டும்கா, எடுக்காதீங்க" என்றார். "லயத்துல காட்டணும்."