ஓட்டை வண்டிப் புராணம் – 6: பட்டை வண்டியில் பஞ்சு மெத்தை

நம்ம ஊர்ல வில் வண்டின்னு ஒண்ணு உண்டு, ஞாபகம் இருக்கா? மாட்டு வண்டிக்கு அடியில இரும்புப் பட்டைகளை வில்லு மாதிரி வளைச்சு, ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி, அதுமேல கூண்டை உட்கார வைச்சிருப்பாங்க. கட்டை வண்டியில போனா எலும்பை எண்ணிக்கலாம். வில் வண்டியில போனா மிராசுதார். அதே பட்டை அடுக்குதான் லாரிக்கும் பழைய ஜீப்புக்கும் அடியில இருக்கற லீஃப் ஸ்பிரிங். அப்புறம் ஏன் ஜீப்ல ஏறினா மட்டும் கட்டை வண்டி ஞாபகம் வருது? இந்த வாரம் அந்தக் கதைதான்.

பெர்த்ல என்கூட தங்கியிருக்கற யாழ்ப்பாணத்து அண்ணா ஒரு டொயோட்டா லேண்ட் குரூசர் வைச்சிருக்கார். 60 வரிசை, 1987 மாடல். இந்த வரிசை 1980ல வந்தது. 1990ல 80 வரிசை வந்து இதை ஓரங்கட்டிடுச்சு. 80ல காயில் ஸ்பிரிங். 60ல நாலு மூலையிலயும் பட்டை. அதுக்காக பட்டை செத்துப்போச்சுன்னு நினைச்சுடாதீங்க. பாரம் சுமக்கற 70 வரிசையில பின்பக்கம் இன்னிக்கும் பட்டைதான்.

பட்டமளிப்புக்கு அண்ணாவோட அம்மா வர்றாங்க. அவங்களுக்குக் கழுத்தெலும்பு தேய்மானம். "தம்பி, அம்மாவை இதுக்குள்ள ஏத்தேலாது, வித்துட்டு ஒரு சின்னக் கார் வாங்குவம்"னார். கடையில கேட்டா, வண்டியை 2 அங்குலம் தூக்கற புது ஸ்பிரிங் செட்டைப் போடுங்க, எல்லாம் சரியாகும்னாங்க. விலையைக் கேட்டதும் எங்க ரெண்டு பேருக்கும்தான் கழுத்து வலிச்சது. :-)

பர்ஸைத் திறக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் பௌதிகம் பார்த்துடுவோம். வண்டி எடையில ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குதோ, அதை வைச்சே அது வினாடிக்கு எத்தனை தடவை ஆடும்னு சொல்லிடலாம். 25 செ.மீ. அமுங்கினா வினாடிக்கு 1 தடவை. 10 செ.மீ.ன்னா சுமார் 1.6. 5 செ.மீ.ன்னா 2.2. பயணிகள் கார் எல்லாம் 1க்கும் 1.5க்கும் நடுவுல இருக்கும். ஆட்டம் வேகமாக ஆக உடம்புக்கு ஆகாது. உட்கார்ந்திருக்கற மனுஷ உடம்பு மேலும் கீழுமா ஆடும்போது ரொம்ப அவஸ்தைப்படறது 4லேர்ந்து 8 வரைக்கும். ஸ்பிரிங் கொஞ்சமும் அசையலைன்னா வண்டி வெறும் டயர்மேல குதிக்கும், ஆட்டம் நேரா அந்தப் பக்கம் போயிடும்.

பழைய பட்டை வண்டியில நடக்கறது இதுதான். பட்டைகள் ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டுதான் வளையணும். முப்பது வருஷத் துரு நடுவுல இருந்தா, ஒரு அளவுக்கு மேல அடி விழற வரைக்கும் அடுக்கு அசையவே அசையாது. பெரிய பள்ளத்துல வளையும்; சின்னச் சின்னக் கல்லுக்கெல்லாம் இரும்புக் கட்டி. ஆக முதல் வேலை ஸ்பிரிங்கை மாத்தறது இல்ல, இருக்கற ஸ்பிரிங்கை அசைய விடறது.

நாங்க செலவில்லாத பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சோம்.

முதல்ல காத்து. மைலேஜ் கிடைக்கும்னு அண்ணா 45 பிஎஸ்ஐ அடிச்சு வைச்சிருந்தார். கதவோரப் பட்டியல்ல இருக்கற அளவுக்கு இறக்கினோம். பாதி வித்தியாசம் அங்கேயே தெரிஞ்சது. இங்க மண் ரோட்டுக்காரங்க ஒரு கணக்கு வைச்சிருக்காங்க: குளிர்ந்த டயர்ல இருந்ததைவிட, ஓடிச் சூடானப்புறம் 4 பிஎஸ்ஐ கூடியிருந்தா சரியான அளவு. அதுக்கு மேல ஏறினா காத்து கம்மி, டயர் அதிகமா நெளிஞ்சு சூடாகுது. அந்த அளவுக்கு ஏறலைன்னா காத்து ஜாஸ்தி. காத்தைக் குறைச்சா வேகத்தையும் குறைக்கணும், இல்லைன்னா டயர் வெடிக்கும்.

ரெண்டாவது எடை மேடை. வண்டியைக் கொண்டுபோய் முன் அச்சு, பின் அச்சு தனித்தனியா எடை போட்டோம். முன்னாடி வைச்சிருந்தவர் பின்னால ரெண்டாவது டீசல் டேங்க், இழுப்பறைப் பெட்டி, தண்ணி டேங்க்னு குடும்பமே நடத்தியிருக்கார். அதுக்கேத்த கனமான பட்டை போட்டிருக்கார். விக்கும்போது சாமானையெல்லாம் கழட்டிட்டார், பட்டை மட்டும் பின்பக்கம் தங்கிடுச்சு. சுமக்க ஆளில்லாத பட்டை எப்படி வளையும்?

மூணாவது, கையில அழுக்காகற வேலை. சேஸிஸை ஸ்டாண்டுல நிறுத்தி (ஜாக்கை மட்டும் நம்பி அடியில படுக்காதீங்க சாமி), ஒவ்வொரு கட்டையும் கழட்டி, பட்டையைப் பிரிச்சு, கம்பி பிரஷ்ஷால துருவைத் தேய்ச்சு, கிராஃபைட் பெயின்ட் அடிச்சோம். வெறும் கிரீஸ் தடவினா ரெண்டு நாள் சுகமா இருக்கும். அப்புறம் மணல் ஒட்டி உப்புத்தாள் மாதிரி அரைக்கும். அடுக்கைப் பிடிச்சிருக்கற கிளிப் பட்டையை இறுக்கி நெரிக்காம இருக்கணும். யூ போல்ட் புதுசு போட்டு, கொஞ்ச தூரம் ஓட்டினதும் மறுபடி முறுக்கணும். அது தளர்ந்தா சென்டர் போல்ட் அறுந்து அச்சே நகர்ந்துடும்.

ஷேக்கிளும் முக்கியம். பட்டை நிமிரும்போது நீளமாகும், அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கறது ஷேக்கிள்தான். அது துருவேறிப் பிடிச்சிருந்தா பட்டை ரெண்டு பக்கமும் பூட்டின மாதிரி. அளவுக்கு மீறி வளைஞ்ச உயரமான பட்டை போட்டாலும் ஷேக்கிள் சாய வேண்டிய கோணத்துல சாயாம முட்டிக்கிட்டு நிக்கும். வண்டியைத் தூக்கற செட் போட்டு சொகுசைத் தேடறவங்க பல பேருக்குக் கிடைக்கறது உயரம் மட்டும்தான். புஷ் ரப்பர்லயே போட்டோம். பாலியூரிதேன் உழைக்கும், ஆனா ரப்பர் அளவுக்கு அதிர்வை வாங்காது. வண்டியைத் தரையில இறக்கி, எடை முழுசும் பட்டைமேல உட்கார்ந்தப்புறம்தான் கடைசி முறுக்கு. தூக்கின நிலையில முறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே கிடந்து சீக்கிரம் கிழியும்.

இப்ப வண்டி எப்படி? படகு! ஒரு மேட்டுல ஏறி இறங்கினா மூணு தடவை தலையாட்டுது. இதுவும் எதிர்பார்த்ததுதான். இத்தனை நாளா ஷாக் அப்சார்பர் வேலையை அந்தத் துரு உரசல்தான் பார்த்துக்கிட்டு இருந்தது. மூலையை அமுக்கிப் பார்த்து ஷாக் நல்லா இருக்குன்னு சொல்றது பட்டை வண்டிக்குச் செல்லாது. ஷாக்கே இல்லைன்னாலும் உரசல் பிடிச்சு நிறுத்திடும். நாலு ஷாக்கும் மாத்தினோம். வண்டியோட இப்போதைய எடையைச் சொல்லித்தான் வாங்கினோம். கனமான பாரத்துக்கான ஷாக் போட்டா திரும்ப இரும்புக் கட்டிதான்.

கடைசியா பின் பட்டை. ரெண்டு பட்டையை உருவி எறிஞ்சா போதாதான்னு அண்ணா கேட்டார். கடினம் குறையும்தான். ஆனா மிச்சப் பட்டைமேல அழுத்தம் கூடும், பின்பக்கம் தொங்கும், பிரேக் அடிக்கறப்ப அச்சு முறுக்கிக்கிட்டு பட்டை எஸ் மாதிரி நெளியும். அதனால பாரமில்லாத வண்டிக்கான பின் பட்டை செட் மட்டும் வாங்கினோம். மொத்தச் செலவு கடைக்காரங்க சொன்னதுல பாதிகூட வரலை.

சொகுசுக்கு இவ்வளவு அலட்டலான்னு கேப்பீங்க. சொகுசு மட்டும் இல்லைங்க. ஆஸ்திரேலிய மண் ரோட்டுல குறுக்கால அலை அலையா மேடு விழுந்திருக்கும். முக்கால் மீட்டருக்கு ஒரு மேடுன்னு வைங்க. 40 கி.மீ. வேகத்துல வினாடிக்கு 15 அடி. சக்கரமும் அச்சும் சேர்ந்து தானா குதிக்கற வேகமும் ஏறக்குறைய அதுதான், பல்லு கழண்டுடும். 80ல போனா வினாடிக்கு 30, சக்கரம் மேட்டுக்கு மேட்டு தாவி வழவழன்னு போகும். ஆஹான்னு இருக்கும். ஆனா அப்ப டயர் பாதி நேரம் தரையிலயே இல்ல. பிரேக்கும் ஸ்டியரிங்கும் எதைப் பிடிச்சுக்கும்? குலுங்காத வண்டின்னா டயர் தரையை விடாத வண்டின்னு அர்த்தம்.

எல்லாம் முடிஞ்சும் இது கார் ஆகிடலை. அச்சு கனம், அதைக் குறைக்க வழியில்லை. ஆனா அம்மா வந்து, முன் சீட்ல உட்கார்ந்து, வடக்கே 200 கி.மீ. தள்ளி இருக்கற பின்னகிள்ஸ் சுண்ணாம்புத் தூண்களைப் பார்த்துட்டு, அன்னிக்கே திரும்பியும் வந்தாங்க. கழுத்து எப்படின்னு கேட்டேன்.

"எங்கட ஊர் பஸ்ஸை விட எவ்வளவோ நல்லம் தம்பி"ன்னாங்க.

அண்ணா விக்கறதைப் பத்தி இப்ப பேசறதில்லை. அடுத்த வாரம் அதே வண்டியோட டீசல் ஃபில்டர்.