இசைத்தட்டு செய்த குற்றம் என்ன?

இசைத்தட்டு வந்தது, இசையறிவு குன்றியது எனப் பழி கூறுவோர் நம்மிடையே பலர். அரங்கில் கேட்பதே இசை, பதிவில் ஒலிப்பது அதன் நிழல் என்பது அவர்தம் வாதம். இது பொருந்துமா?

வீணை தனம்மாள் 1938இல் மறைந்தார். நாதசுவர மேதை திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்தார். இன்றைய மாணவன் இவர்களை எந்த அரங்கில் கேட்பான்? நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற பழைய தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடமே ஒலிக்கும். அத்தகைய தட்டுகளில் பிள்ளையவர்களின் தோடி இன்றும் வாழ்கின்றது. இதனையா நிழல் என்பது?

குற்றம் தட்டில் இல்லை. கேட்கும் செவியில் உள்ளது. அன்று தட்டைத் திருப்ப எழுந்தவர், அடுத்த பக்கத்தைக் கருத்தூன்றிக் கேட்டார். இன்று கைப்பேசியில் இசை ஓயாது ஓடுகின்றது, கேட்பார்தாம் இல்லை. பள்ளி விழாவில் சிறப்பு விருந்தினர் வரும்வரை இடைவெளியை நிரப்பவும் தோடிதான் அகப்பட்டதா?

தமிழாசிரியர் வாரம் ஒருமுறை 3 நிமிடப் பதிவொன்றை இருமுறை கேட்பிக்கட்டும். முதன்முறை மாணவர் வாய்மூடிக் கேட்கட்டும். மறுமுறை, நாதம் எங்கே நீண்டது, எங்கே அசைந்தது, எங்கே ஓய்ந்தது எனக் கூறட்டும். பாடத்திட்டத்தில் இடமில்லை என்பது வெறுஞ்சாக்கு. ஆறு நிமிடத்திற்கு இடந்தராத பாடத்திட்டம் எங்குளது?

செய்யுளைப் பன்முறை படிக்கப் பணிக்கும் ஆசிரியர், இசையை ஒருமுறையேனும் செம்மையாகக் கேட்கப் பழக்க வேண்டாவா?