தேரை மீது போட்ட பழி

தேங்காயை உடைத்தால் உள்ளே பருப்பைக் காணோம்; தேரை மோந்துவிட்டது என்கிறோம். கைக்குழந்தை தேறாமல் எலும்பும் தோலுமாக இளைக்கிறது; தேரை தோஷம் என்கிறோம். கிணற்றடியில் பாம்பு தெரிந்தால் தேரையைத் தின்ன வந்தது என்கிறோம். தொட்டால் சொறி பிடிக்கும், மூத்திரம் பட்டால் கண் போய்விடும் என்று பிள்ளைகளை மிரட்டுகிறோம். வாசற்படியில் வந்து உட்கார்ந்தால் உப்பை அள்ளி வீசுகிறோம், துடைப்பத்தால் அடிக்கிறோம். யாரையும் கடிக்காத, கடிக்கப் பல்லே இல்லாத ஓர் உயிரின் மீது நம் வீடுகளில் இத்தனை குற்றச்சாட்டுகள் நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை முழுப்பொய். உண்மை கலந்த ஒன்றிரண்டும் ஊதிப் பெருக்கப்பட்டவை. இவை வெறும் பொய்யாக இருந்தாலும் பொறுத்துப் போகலாம். ஆனால் ஒவ்வொரு பழியும் ஒரு மனிதத் தவறை மூடி மறைக்கிறது. அதனால்தான் இதைக் கண்டித்து எழுத வேண்டியிருக்கிறது.

ஊருக்கு ஊர் பெயர் மாறும். தரையில் தத்தித் திரியும் முரட்டுத் தோல் உயிரைச் சில ஊர்களில் சொறித்தவளை என்பார்கள். குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் மெலிந்த மரத்தவளையைத் தேரை என்பார்கள். வேறு ஊர்களில் முன்னதுதான் தேரை. பெயர் எதுவானாலும் அடி இரண்டின் மீதும் விழுகிறது. இங்கே நான் தேரை என்று சொல்வது, முதுகெல்லாம் கருநுனிக் கொப்புளங்களோடு தெருவிளக்கின் கீழே உட்கார்ந்திருக்குமே, அதைத்தான்.

முதலில் தேங்காய். தரைத் தேரையால் தென்னை ஏற முடியாது. மரத்தவளை ஏறும், ஆனால் மட்டையையும் ஓட்டையும் தாண்டி உள்ளிருக்கும் பருப்பை உறிஞ்ச அதற்கு ஒரு வழியும் இல்லை. ஒல்லிக்காய் விழுவதற்கு மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காததும், மண்ணில் பொட்டாஷ், போரான் போன்ற சத்துகள் குறைவதும் முக்கியக் காரணங்கள். காயின் மேல் பழுப்புத் தழும்பு விழுந்து, காய் சிறுத்துப் போவது பெரும்பாலும் ஈரியோபைட் என்ற நுண்ணிய சிலந்திப்பேனின் வேலை. வெறும் கண்ணுக்குத் தெரியாத இந்தப் பேன் 1998இல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் கண்டறியப்பட்டு, சீக்கிரமே தமிழ்நாட்டுத் தோப்புகளுக்கும் பரவியது. காயின் தொப்பிக்கு அடியில் ஒளிந்துகொண்டு இளந்திசுவை உறிஞ்சுகிறது. தேரை மோந்தது என்று சொல்லி நகர்ந்துவிடும் விவசாயி மண்ணைப் பரிசோதிக்க மாட்டார், பேனுக்கு மருத்துவம் பார்க்க மாட்டார். அடுத்த வெட்டிலும் அவருக்கு ஒல்லிக்காய்தான் கிடைக்கும்.

இதைவிடக் கொடுமை குழந்தையின் மேல் ஏற்றப்படும் தோஷம். தேரை தோஷம் என்று நாட்டு வழக்கில் சொல்லப்படும் அறிகுறிகளைப் பாருங்கள். சதை வற்றுகிறது, தோல் சுருங்குகிறது, வயிறு ஒட்டுகிறது அல்லது உப்புகிறது, குழந்தை ஓயாமல் அழுகிறது. இதற்கு மருத்துவத்தில் ஊட்டச்சத்துக் குறைவு என்று பெயர். அதற்குப் பின்னால் காசநோயோ, தீராத வயிற்றுப்போக்கோ, இதயக் கோளாறோகூட இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்றுக்கு வயதுக்கேற்ற வளர்த்தி இல்லை. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. தாய்க்கு ரத்தம் இல்லாததையும் பிள்ளைக்குச் சோறு போதாததையும் பேசக் கூச்சப்படுகிற சமூகம், ஒரு தேரையைக் காட்டித் தப்பித்துக்கொள்கிறது. இதில் அடிபடுவது தேரை மட்டும் இல்லை. "மாசமா இருக்கும்போது தேரையத் தாண்டுனியா? மிதிச்சியா?" என்று கேள்வி கேட்கப்படுவது அந்தத் தாய்தான். கயிறு மந்திரிக்கப் போகிற நாட்களில் அந்தக் குழந்தையை அங்கன்வாடியில் எடை போட்டிருக்கலாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டியிருக்கலாம். இளைக்கிற குழந்தைக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம்.

விஷம் என்ற குற்றச்சாட்டில் உண்மை கலந்திருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. தேரையின் கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் புடைத்த சுரப்பிகள் உண்டு. அழுத்தினால் பால்போன்ற நஞ்சு கசியும். தேரையைப் பிடித்துச் சமைத்துத் தின்றால் இதயம் பாதிக்கும், உயிரும் போகலாம். நாய் கவ்வினால் வாயில் நுரை தள்ளும். கண்ணில் பட்டால் எரியும். ஆனால் இந்த நஞ்சு தேரையைத் தின்ன வருகிறவருக்கு உரியது. அதைப் பீய்ச்சித் தாக்கும் வழக்கம் இந்தத் தேரைக்கு இல்லை. பிடித்தால் பயத்தில் கழிக்கிற மூத்திரம் பெரும்பாலும் தண்ணீர்தான். கையில் எடுத்த பிள்ளை சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். சொறி வேறு நோய். அது மனிதரிடமிருந்து மனிதருக்கு நுண்ணிய பூச்சியால் தொற்றுகிறது. தேரையின் முதுகில் இருக்கும் கொப்புளங்கள் அதன் தோலில் உள்ள சுரப்பிகள். அவை யாருக்கும் ஒட்டுவதில்லை. மின்சாரம் ஆளைக் கொல்லும் என்று பிள்ளைக்குச் சொல்லித்தருகிற நாம் அதற்காக வீட்டு வயரைப் பிடுங்கி எறிவதில்லை. எப்படிப் புழங்குவது என்று கற்றுத்தருகிறோம். தேரை விஷயத்திலும் அந்தப் பக்குவம் போதும்.

தேரைக்கு நேர்ந்ததுதான் பல்லிக்கும் அரணைக்கும் ஓணானுக்கும் நேர்ந்திருக்கிறது. அரணை கடித்தால் மரணம் என்று எதுகை போட்டுப் பேசிப் பேசியே ஒரு சாதுவை எமனாக்கிவிட்டோம். இந்தியாவில் உள்ள பல்லிக்கோ அரணைக்கோ ஓணானுக்கோ மனிதரைக் கொல்லும் விஷம் கிடையாது. ராமருக்கு அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரம் கொடுத்தது என்ற கதையைக் கேட்டு வளர்ந்த சிறுவர்கள் ஓணான் கழுத்தில் சுருக்குப் போட்டு இழுப்பதை விளையாட்டென்றே நினைத்தார்கள். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் வரிசையில் நின்று தொட்டு வணங்குகிற பக்தர், வீட்டுக்கு வந்ததும் சுவரில் உயிரோடு இருக்கிற பல்லியை அடிக்கக் கட்டையைத் தேடுகிறார்.

உணவில் பல்லி விழுந்து பிள்ளைகளுக்கு வாந்தி மயக்கம் என்ற செய்தி நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த உணவைக் கொட்டத்தான் வேண்டும். பல்லியின் எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஆனால் பல்லி விஷம் என்று எழுதிவிட்டால் விசாரணை அங்கேயே முடிந்துவிடுகிறது. பாத்திரத்தை யார் மூடாமல் வைத்தது, சமைத்த சோறு எத்தனை மணி நேரம் கிடந்தது, தண்ணீர் எங்கிருந்து வந்தது, கை கழுவினார்களா என்ற கேள்விகள் எழுவதே இல்லை. பல்லியைக் குற்றவாளி ஆக்குவதால் நன்மை அடைகிறவர், அழுக்கான சமையற்கூடத்துக்குப் பொறுப்பானவர்.

இனி பாம்பு. இந்த அச்சத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தேரையையும் தவளையையும் பாம்பு தின்னும் என்பதும் உண்மை. ஆனால் வீட்டைத் தேடி நல்ல பாம்பையும் கண்ணாடி விரியனையும் இழுக்கிற பெரிய இரை எலி. எலியை வளர்ப்பது நாம் கொட்டுகிற எச்சிற்சோறு, மூடாத சாக்கடை, பல நாள் அள்ளாத குப்பை, கோழித் தீவன மூட்டை. சுவரை ஒட்டி அடுக்கிய விறகும் செங்கல்லும் பாம்புக்குத் தங்குமிடம். உயிர் போவதைத் தடுக்கிற வழிகள் வேறு. இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்கக் கூடாது. தரையில் படுக்கிறவர்கள் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ள வேண்டும். கடிபட்டவரை மந்திரவாதியிடம் கொண்டுபோகாமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். 1978இல் தொடங்கப்பட்டு, விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவையான நஞ்சை எடுத்துத் தருகிற இருளர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருக்கிறது. பாம்பை நன்றாக அறிந்த அந்த மக்களின் அறிவு நம் நாட்டில் உயிர்களைக் காக்கிறது. தேரையைக் கொன்று பாம்புக்கடியிலிருந்து யாரும் தப்பியதில்லை.

இந்தப் பழிகளெல்லாம் சேர்ந்து இன்று ஒரு புது நம்பிக்கையாக உருவெடுத்திருக்கின்றன. பூச்சி பொட்டு ஒன்றுகூட இல்லாத வீடே சுத்தமான வீடு என்பதே அந்த நம்பிக்கை. புழக்கடை மண்ணை மூடிச் சுவர் முதல் சுவர் வரை சிமெண்டும் பேவர் பிளாக்கும் போடுகிறோம். மிச்சமிருக்கும் விரிசலில் பினாயில் ஊற்றுகிறோம், பூச்சிமருந்து தெளிக்கிறோம். தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலை ஈரத்தில் அழுத்தி அதன் வழியே உறிஞ்சிக்கொள்கிறது. அந்தத் தோல் வழியாகவே நாம் தெளிக்கிற மருந்தும் உள்ளே போகிறது. நாம் வீசும் உப்பு அதன் உடல்நீரை வெளியே இழுக்கிறது. இத்தனையும் செய்த பிறகு கொசு போய்விட்டதா? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும் மூடாத தொட்டியிலும் முட்டையிடுகிறது. மண் இல்லாத முற்றத்தில் அது தாராளமாக வாழும்.

தேரை இருந்தால் கொசு ஒழியும் என்று நான் வாதாட வரவில்லை. அது அதிகம் தின்பது தரையில் ஊரும் எறும்பு, கறையான், வண்டு, கரப்பான் போன்றவற்றை. தவளையின் பயனைப் பற்றி நம் நாடே ஒருமுறை பாடம் படித்திருக்கிறது. வயல் தவளைகளைப் பிடித்துக் காலை வெட்டி வெளிநாடுகளுக்கு அனுப்பினோம்; 1981இல் மட்டும் 4,000 டன்னுக்கு மேல் போனது. தவளை குறைந்தால் பயிர்ப்பூச்சி பெருகும் என்ற எதிர்ப்பு வலுத்து, 1987இல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. ஆனாலும் பயன் ஒன்றையே காரணமாக வைத்து ஓர் உயிருக்கு இடம் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. வாடகை கொடுத்தால்தான் இருக்கலாம் என்பது போன்ற பேச்சு அது. இந்த உயிர்களோடு வாழ்வதில் மகிழ்ச்சி இருக்கிறது. அந்த மகிழ்ச்சியே போதுமான காரணம்.

எத்தகைய மகிழ்ச்சி என்று கேட்டால், மழை விட்ட இரவில் வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்காருங்கள். ஈசல் விழத் தொடங்கியதும் தேரை வரும். நேற்று உட்கார்ந்த அதே மூலையில் இன்றும் உட்காரும். ஈசல் அசைகிறவரை காத்திருக்கும். அசைந்ததும் நாக்கு பாயும். அந்த நாக்கு நம்முடையதைப்போல் தொண்டைப் பக்கம் வேர்விடாமல் கீழ்த்தாடையின் முன்னால் ஒட்டியிருப்பதால் அத்தனை தூரம் புரண்டு விழுகிறது. விழுங்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும். பக்தியில் மூடியதுபோலத் தெரியும், உண்மையில் உள்ளே இறங்கும் கண்விழிகள் இரையைத் தொண்டைக்குள் தள்ள உதவுகின்றன. சில நாள் தன் பழைய தோலை உரித்து, அதையும் சுருட்டி விழுங்கிவிடும். குட்டையில் முட்டைகளைக் கறுப்பு மணி கோத்த ஊன்பசைக் கயிறாக இடும். மரத்தவளையோ தண்ணீருக்கு மேலே, தொட்டிச் சுவரிலோ கிளையிலோ நுரையால் கூடு கட்டும். தலைப்பிரட்டைகள் அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விழும். முதல் கோடைமழைக்கு வயலோரக் குட்டையில் பெரிய தவளை எலுமிச்சை மஞ்சளாக மாறி, நீலப் பைகளை ஊதிக் கத்தும். அதைப் படமெடுத்து வெளிநாட்டு விஷத்தவளை என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறவர்கள், நம் ஊரின் மிகப் பெரிய அழகுகளில் ஒன்றை நமக்கே அந்நியமாக்குகிறார்கள்.

இந்த மகிழ்ச்சிக்குக் காடு தேவையில்லை, கட்டணம் தேவையில்லை. நம் மரபிலும் இதற்கு இடம் உண்டு. கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் கடவுள் படியளக்கிறான் என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்பவர்கள் நாம். மன்னனின் மண்டைக்குள் புகுந்த தேரையை வெட்டாமல் கொல்லாமல், தண்ணீர்ச் சலசலப்பைக் கேட்கவைத்து அதுவாகவே வெளியே குதிக்கச் செய்தார் என்பது தேரையர் சித்தரைப் பற்றிய கதை. குளவி வீட்டில் மண்கூடு கட்டினால் நல்ல செய்தி வரும் என்று நம்பி அதைக் கலைக்காமல் விடுகிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. எந்த உயிரைக் கும்பிடுவது, எதை அடிப்பது என்பதைக் கதைகள்தான் தீர்மானித்திருக்கின்றன. கதை தவறென்று தெரிந்த பிறகும் அடிப்பது நம் தவறு.

வீடு கட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். காம்பவுண்டை ஒட்டி இரண்டு அடி மண்ணையாவது மூடாமல் விடுங்கள். குழாயடியில் ஈரமான நிழலும், கவிழ்த்த உடைந்த சட்டி ஒன்றும், ஒரு செடியும் இருந்தால் தேரை தானே வந்து சேரும். வாசல் கதவின் அடியில் இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொண்டால் அது உள்ளே வராது. வந்துவிட்டால் முறத்தில் ஏந்தி வெளியே விடலாம். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் ஒரு மாலை பிள்ளைகளைப் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் குட்டைக்கு அழைத்துப் போங்கள். தொடக் கூடாதவை எவை, கை கழுவ வேண்டியது எப்போது என்பதையும் அங்கேயே சொல்லிக்கொடுங்கள். பெற்றவர்களிடம் கேட்பது இன்னும் எளிது. குழந்தை தேரையைப் பார்த்துக் குனியும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். எந்தக் குழந்தையும் தேரையைக் கண்டு அருவருக்கப் பிறப்பதில்லை. அருவருப்பை நாம் ஊட்டுகிறோம். ஊட்டுவதை நிறுத்தும் அதிகாரம் நம் கையில்தான் இருக்கிறது.