டிக் கிறெகரியும் அவரை மன்னிப்போரும்

2017ஆம் ஆண்டு ஓகஸ்ற் 19ஆம் திகதி, தமது எண்பத்து நான்காவது வயதில், அமெரிக்க மேடை நகைச்சுவையாளர் டிக் கிறெகரி காலமானார். அவரைப் பற்றிப் பேசுவோரிடையே வசதியானதொரு பிரிவினை வழக்கமாகிவிட்டது. வெள்ளையரின் முகத்துக்கு நேரே நிறவெறியை எள்ளி நகையாடிய அறுபதுகளின் கலைஞர் ஒருவர். சதிகளைத் தேடியலைந்த, பழச்சாற்றையும் மூலிகையையும் போற்றிய பிற்காலத்து விசித்திர மனிதர் இன்னொருவர். முன்னவருக்கு மாலை, பின்னவருக்கு மன்னிப்பு. இம்மன்னிப்பை விடப் பெரிய அவமதிப்பு அவருக்கு வேறில்லை என்பதே என் வாதம்.

1932இல் மிசூரி மாநிலத்துச் சென் லூயிஸ் நகரில் வறுமையிற் பிறந்த கிறெகரி, ஓட்டவீரர் என்ற தகுதியாற் பல்கலைக்கழகம் புகுந்தவர். சிக்காகோவிலே தபாற் கந்தோரில் வேலை செய்துகொண்டு சிறு விடுதிகளிற் பேசிப் பழகியவர். 1961 ஜனவரியில் அந்நகரின் பிளேபோய் விடுதியில் வேறொருவருக்குப் பதிலாக அவர் மேடையேறியபோது, எதிரே இருந்தோரிற் பெரும்பாலானோர் தென் மாநிலங்களைச் சேர்ந்த வெள்ளை வர்த்தகர். அவருடைய பகிடிகளிற் பலரும் அறிந்தது தென்பகுதி உணவகம் பற்றியது. கறுப்பரைப் பரிமாறுவதில்லை என்கிறாள் பணிப்பெண். அதனாலென்ன, நானும் கறுப்பரை உண்பதில்லை, ஒரு முழுக் கோழியைப் பொரித்துக் கொண்டுவா என்கிறார் இவர். ஆங்கில வினைச்சொல்லொன்றின் இருபொருளில் நிற்கும் சிலேடைதான் இது. எனினும் வெறும் சொல் விளையாட்டாக இதனைக் கொள்வோர் அதன் பலத்தை அறியாதோரே. அத்தகைய உணவகங்கள் மெய்யாகவே இருந்தன. கேட்டிருந்த வர்த்தகர்கள் அவற்றில் உண்டவர்கள். கற்பனை அற்பம், சான்று அதிகம். ஆதலால் மறுத்துரைக்க எவராலும் இயலவில்லை, சிரிக்க மட்டுமே இயன்றது.

நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினைத் தொல்காப்பியர் வகுத்தார். கிறெகரியின் கலை எள்ளலில் நின்றது. பிற்காலத்தில் அவரைக் கண்டு சிரித்தவர்களோ அவருடைய பேதைமையைக் கண்டதாக எண்ணிச் சிரித்தார்கள். இடையில் நிகழ்ந்தது என்ன?

ஜக் பாரின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைக்கப்பட்டபோது, பேசி முடித்தபின் ஏனையோரைப் போல ஆசனத்தில் அமர்ந்து உரையாட இடமளித்தால் மட்டுமே வருவேன் என்றவர் அவர். 1963இல் பேர்மிங்ஹாமிற் சிறை சென்றார். 1965இல் வொற்ஸ் கலவரத்தைத் தணிக்க முயன்று காலிற் குண்டடிபட்டார். 1968இல் ஜனாதிபதிப் பதவிக்கும் போட்டியிட்டார். வியட்நாம் யுத்தத்தை எதிர்த்து நெடுநாள் உண்ணாவிரதமிருந்தார். கலைஞன் பகிடியோடு நிற்கவேண்டும் என்போருக்கு இவ்வாழ்க்கையே மறுமொழி. அவர்களோடு நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

அவருடைய சந்தேகங்களோ வெறுவெளியில் முளைத்தவையல்ல. 1968இல் எப்.பி.ஐ. தலைவர் எட்கார் ஹூவர், கிறெகரிக்கு எதிராக மாபியாக் கும்பலைத் தூண்டிவிடும் வழியை ஆராயுமாறு சிக்காகோ அலுவலகத்துக்கு எழுதிய குறிப்பு பின்னர் அம்பலமாயிற்று. அலபாமாவின் ரஸ்கீகியில் மேகநோய் கண்ட ஏறத்தாழ நானூறு கறுப்பு ஆடவரை, பெனிசிலின் கிடைத்த பின்னரும் சிகிச்சையளிக்காது, 1932 முதல் 1972 வரை அரச சுகாதாரத் துறை அவதானித்துக்கொண்டேயிருந்தது. இத்தகைய அரசு சொல்வதை அக்கறுப்பினத்தவர் ஒருவர் நம்ப மறுத்தால் அதனைக் கிறுக்கு என்போர், தம்மை நோக்கி அவ்வரசு ஒருபோதும் திரும்பாத பாக்கியவான்களாகவே இருத்தல் வேண்டும். 1975இல் கென்னடி கொலையின் சப்ரூடர் படச்சுருளைத் தேசியத் தொலைக்காட்சியில் மக்கள் முன் வைத்தோருள் கிறெகரியும் ஒருவர். மறுவருடம் காங்கிரஸ் சபை விசாரணைக் குழுவொன்றை அமைத்தது. சதி இருந்திருக்கலாம் என அக்குழு 1979இல் முடிவுசெய்தது. அம்முடிவுக்கு ஆதாரமான ஒலிப்பதிவுச் சான்றை 1982இல் விஞ்ஞானிகள் குழுவொன்று நிராகரித்தது. சந்தேகம் நடக்கவேண்டிய பாதை இதுவே: சான்றைக் காட்டுவது, சான்று சோதிக்கப்பட இடமளிப்பது.

இப்பாதையை விட்டு அவர் விலகிய இடங்களும் உண்டு. அங்கேதான் அவருடைய பக்தர்களோடு எனக்குப் பிணக்கு. 1979 தொடக்கம் 1981 வரை அற்லாந்தாவிற் கறுப்புச் சிறுவர்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டபோது, இன்ரபெரோன் என்ற மருந்துப்பொருளுக்காக அவர்கள் பலியிடப்பட்டனர் என்னும் ஊகத்தை அவர் பரப்பினார். அதற்குச் சான்று இல்லை. 2001 செப்ரெம்பர் தாக்குதல் பற்றியும் சான்றுகளுக்கு முரணான சந்தேகங்களையே வளர்த்தார். உணவு விடயத்திலும் இவ்வாறே. எண்பதுகளில் பஹாமியன் உணவுமுறை என்ற பெயரில் மெலிவிக்கும் தூளொன்றைச் சந்தைப்படுத்தினார். 2000ஆம் ஆண்டளவில் நிணநீர்ப் புற்றுநோய் கண்டபோது இரசாயன மருந்தை மறுத்து, மூலிகையையும் உணவையும் நம்பினார்; அதன்பின் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்தார். அடியார்களுக்கு இதுவே பெரும் சான்று. ஒருவர் பிழைத்தது ஒரு மருந்துக்குச் சான்றாகுமாயின், அதே வழியைப் பின்பற்றி மாண்டோரை எக்கணக்கிற் சேர்ப்பது? மாண்டோர் மேடையேறிப் பேசுவதில்லை.

சிலர் என்னை இடைமறிக்கக்கூடும்: அடக்குமுறைக்கு எதிராக நின்ற ஒருவரின் தவறுகளைத் தூக்கிப்பிடிப்பது பிற்போக்காளருக்கு ஆயுதம் கொடுப்பதாகாதா? ஆகாது. உணவகப் பகிடியில் அவர் வெள்ளையரிடம் கோரியது, சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பதையே. அக்கோரிக்கையை அவருடைய சொற்களுக்கு மட்டும் தளர்த்துவது, அவரைப் பெரியவர்களின் உரையாடலிலிருந்து விலக்கிச் சிறுபிள்ளையோடு இருத்துவதாகும். ஜக் பாரிடம் அவர் கேட்டு வாங்கியதோ பெரியவர்களுக்குரிய ஆசனம்.

'அவர் அப்படித்தான்' என்று சிரித்துக் கடந்து செல்வோர், ஹூவரின் குறிப்பையும் இன்ரபெரோன் கதையையும் ஒரே பெட்டியிற் போட்டு மூடுகின்றனர். முன்னது ஆவணக் காப்பகத்தில் உள்ளது, எவரும் வாசிக்கலாம். பின்னதையோ, பிள்ளைகளைப் பறிகொடுத்த அற்லாந்தாத் தாய்மார் கேட்க நேர்ந்தது.