தோட்டத்து மூளை என்றொன்று உண்டோ?

"தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது" என்ற தீர்ப்பைப் பலாங்கொடை லயமொன்றில் வளர்ந்த நான் பலகாலும் கேட்டதுண்டு. கற்றோர் வாயிலிருந்தே கேட்டேன் என்பதுதான் வெட்கத்துக்குரியது. பிறவியே காரணம் என்பார்க்கு விஞ்ஞானம் துணைநிற்கவில்லை. லயத்திற் பிறப்பினும் மாளிகையிற் பிறப்பினும், நரம்புக் கலங்களுட் பெரும்பாலானவை பிறக்கும்போதே அமைந்துவிடுகின்றன. அமையவேண்டியவை அவற்றிடையேயான இணைப்புகளே. மூளையின் முன்பகுதியில் அவை ஓரிரு வயதிலேயே உச்சம் பெறுவதை ஹட்டன்லோக்கர் 1979இல் எண்ணிக் காட்டினார். பின்னர் பயன்படுவன நிலைக்கும், பயன்படாதன கழியும். நரம்பிழைகளுக்கு உறையிட இரும்புச்சத்து வேண்டும். மொழி வளரப் பேசுவார் வேண்டும்.

அவ்வயதில் தாய் எங்கே? கொழுந்து மலையில். பிள்ளை எங்கே? பிள்ளை மடுவத்தில். (பல மடுவங்கள் இப்போது 'சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள்', பெயர்ப்பலகை மட்டும் பசியாற்றாது.) 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடளவில் 17 வீதம்; தோட்டத்துறையிலோ 32 வீதம். இதுவும் பிறவிக் குறைதானோ?

"மூன்று வயதோடு யாவும் முடிந்தது" எனக் கைகழுவுவாரையும் யான் ஏற்கேன். மூளை வலையமைப்பின் இளமைப் போக்கு ஏறத்தாழ 32 வயதுவரை நீள்வதாகக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் 2025இல் காட்டினர். எனவே உயர்தர வகுப்புக்கு விஞ்ஞான ஆசிரியரைத் தராதோரும் இக்குற்றத்திற் பங்காளரே. மடுவத்துக்கு முட்டையும் பயிற்சிபெற்ற பராமரிப்பாளரும், பாடசாலைக்கு ஆசிரியரும் வந்து சேரட்டும். அதன்பின் எம் மூளையை அளக்க வருவோர் வரலாம்.